வைகாசியில் சோழர் கோயில்கள் போகிறோம், சிற்பப் படங்கள் தட்டையாகவே வருகின்றன, என்ன செய்யலாம்?

வண்டல்மண்:

வணக்கம் நண்பர்களே. வைகாசி கடைசியில் அப்பா அம்மாவோடு கும்பகோணத்தில் தங்கி தாராசுரம், தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், நேரம் இருந்தால் புள்ளமங்கை என்று ஒரு சுற்று போகலாம் என்றிருக்கிறோம். அப்பாவுக்கு நிம்மதியாக சாமி கும்பிட வேண்டும், எனக்கு சிற்பங்களை நிதானமாகப் படம் எடுக்க வேண்டும், அம்மா எதற்கும் தயார்.

என் பிரச்சினை இதுதான். நேரில் நிற்கும்போது சிலையின் தோள் திரும்பியிருப்பதும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் அவ்வளவு அழகாகத் தெரிகிறது, எடுத்த படத்தைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், அதில் ஒரு உருவம், அவ்வளவுதான். பின்னால் வானம் வந்துவிட்டால் சிலை கறுத்துப்போகிறது. கையில் இருப்பது ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 லென்ஸ், அப்புறம் என் போன். நல்ல லென்ஸ் ஒன்று வாங்கினால் சரியாகுமா? காலையில் போவதா மாலையில் போவதா? முக்காலி கொண்டு போகலாமா, போனையே உள்ளே விடமாட்டார்கள் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? வெறும் கோபுரப் படமாக இல்லாமல் ஊரும் வயலும் சேர்ந்து வருகிற மாதிரியும் சில படங்கள் வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

கோஷ்டம்:

லென்ஸ் வாங்க வேண்டாம், இப்போதைக்கு. உங்கள் படம் தட்டையாக இருப்பதற்குக் காரணம் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பது மட்டும்தான். கல்லில் ஒரே நிறம்தான் இருக்கிறது. அதில் மேடு எது பள்ளம் எது என்று காட்டுவது நிழல். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராகச் சிலை மேல் அடித்தால் நிழல் எல்லாம் சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், படத்தில் ஒன்றுமே இருக்காது. சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வருகிற வெயில்தான் வேண்டும். காலையா மாலையா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், எந்தச் சுவர், எந்த மாதம் என்று கேட்க வேண்டும். பெரும்பாலான பேர் இந்த மாதக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

சோழர் சிவன் கோயில்களில் யார் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்பது ஏறக்குறைய நிச்சயம். கிழக்கு பார்த்த கோயில் என்றால் கருவறையின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர் அல்லது திருமால், வடக்கே பிரம்மா. கருவறைக்கு முன்னால் ஒட்டியிருக்கும் அர்த்தமண்டபத்தின் சுவரில் தெற்கே பிள்ளையார், வடக்கே துர்க்கை. அதாவது தட்சிணாமூர்த்தி மேல் எப்போது வெயில் விழும் என்பதை ஊருக்குப் போகாமலே சொல்லிவிடலாம்.

கும்பகோணம், தஞ்சாவூர் எல்லாம் பூமத்தியரேகைக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கின்றன. அதனால் ஏப்ரல் 20 வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, அதற்கப்புறம் ஆகஸ்ட் 23 வாக்கில் திரும்புகிற வரை நண்பகலிலும் தலைக்கு வடக்கேதான் நிற்கும். நீங்கள் போகும் வைகாசி கடைசியில் சூரியன் உதிப்பதே கிழக்குக்கு வடக்கே 20 பாகைக்கு மேல் தள்ளி. ஆக வடக்குச் சுவருக்கு காலையிலிருந்து மாலை வரை வெயில் உண்டு, தெற்குச் சுவருக்கு நாள் முழுக்க ஒரு கீற்று கூடக் கிடையாது. மார்கழியில் எல்லாம் தலைகீழ். உச்சியில்கூட சூரியன் தெற்கே 56 பாகை உயரத்தில்தான் இருக்கும், தெற்குச் சுவர் நாள் முழுக்க மின்னும், வடக்குச் சுவர் நிழலிலேயே கிடக்கும். தட்சிணாமூர்த்தியை எடுக்க மார்கழி, தை. பிரம்மாவையும் துர்க்கையையும் எடுக்க வைகாசி, ஆனி. கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் விரல்நுனியில் இருந்திருக்கிறது, கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 தேதிகளில் சூரிய ஒளி உள்ளே போய் லிங்கத்தின் மேல் விழுவதைப் பார்க்க இன்றும் கூட்டம் கூடுகிறது.

ஆகவே உங்கள் பயணத்தில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வடக்குச் சுவர். அந்த நேரத்தில் வெயில் சுவரைச் சாய்வாக உரசும். ஒன்றைக் கவனியுங்கள், கோஷ்டத்துக்குள், அதாவது சிலை நிற்கும் சுவர் மாடத்துக்குள், சிலை கொஞ்சம் உள்வாங்கி இருக்கும், பக்கத்து அரைத்தூணின் நிழல் சிலையின் பாதி முகத்தில் விழலாம். அப்படி விழுந்தால் காத்திருங்கள், முன்பகலில் வெயில் தரையில் நன்றாக இறங்கியபின் கல்தளத்திலிருந்து மேலே எழும்புகிற வெளிச்சம் கோஷ்டத்துக்குள் மெதுவாகப் பரவும். மேலே கபோதம் (சுவருக்கு மேல் வெளியே நீளும் வளைந்த கல்விளிம்பு) நிழல் கட்டியிருக்கும், கீழிருந்து ஒளி வரும், தாடைக்குக் கீழேயும் கைகளுக்கு அடியிலும் உள்ள செதுக்கல் வேறு எந்த நேரத்திலும் அப்படித் தெரியாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் மாலை வெயிலுக்கு மேற்குப் பக்கம் போய்விடுங்கள். நுழைந்த வாசல் பக்கமே நின்றுகொண்டு அஸ்தமனத்தில் விமானத்தை (கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தை) எடுத்தால் 216 அடி உயரமும் வெறும் கறுப்பு உருவமாக வரும். அது வேண்டுமென்றால் சரி, ஆனால் சிற்பம் வேண்டுமென்றால் பின்பக்கம்.

மூன்றாம்கண்:

கோஷ்டம் சொன்னதற்கு மேல் ஒளியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கருவியைப் பற்றி மட்டும்.

உங்கள் 18-55 போதும், ஆனால் 18ல் எடுக்காதீர்கள். 55க்குப் போய், நாலைந்து அடி பின்னால் நகர்ந்து எடுங்கள். கிட்டே போய் அகலமாக எடுத்தால் சிலையின் முழங்கால் பெரிதாகவும் தலை சிறியதாகவும் வரும், அந்த மூக்கும் தோளும் சிற்பி அளந்து வைத்த அளவு, அதைக் குலைக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி. போனிலும் அப்படித்தான். 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், அகலக் கோண லென்ஸைத் தொடவே வேண்டாம். கேமராவின் முதுகு சுவருக்கு இணையாக இருக்க வேண்டும், அண்ணாந்து பிடித்தால் தூண்கள் எல்லாம் மேலே போய் ஒன்றுகூடும். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும்.

வானம் பின்னால் இருந்தால் சிலை கறுப்பதற்குக் காரணம், கேமரா வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. போன் திரையில் சிலையின் நெஞ்சில் விரல் வைத்து வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு எட்டு நகர்ந்து வானமே வராத கோணம் பாருங்கள், இரண்டாவதுதான் எப்போதும் நல்லது. நேரடி வெயிலில் எடுக்கும்போது இதற்கு நேர்மாறு, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், வெளுத்துப்போன நெற்றியைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ரா கோப்பாகவும் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) சேர்த்து எடுத்துவையுங்கள். போனில் போர்ட்ரெய்ட் மோட் வேண்டவே வேண்டாம், அதற்குக் கல் கை எது பின்சுவர் எது என்று தெரியாமல் விரல்களையே மங்கலாக்கிவிடும்.

எண்ணெய்க்காப்பு சாத்திய சிலைகள் பளபளக்கும், வெள்ளைத் திட்டாக வரும். அதற்கு லென்ஸ் முன்னால் மாட்டித் திருகுகிற போலரைசர் ஃபில்டர் உதவும், ஆனால் சிலைக்கு நேர் எதிரே நின்று திருகினால் பயன் அதிகம் இல்லை, நன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்த கோணத்தில் நின்றால்தான் அந்தப் பளபளப்பு அடங்கும். முக்காலி இல்லாமல் மண்டபத்துக்குள் எடுக்க வேண்டி வந்தால் ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றுங்கள், கொஞ்சம் பொரிப்பொரியாக இருந்தாலும் பரவாயில்லை, கை ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள், அது நேர் எதிரே இருந்து அடிக்கிற வெளிச்சம், முதலில் சொன்ன தட்டைத்தன்மையை விலை கொடுத்து வாங்குவது.

எழுத்தும்கல்லும்:

படம் எடுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் எப்போதும் உண்டு, இங்கேயும் வைக்கிறேன்.

ஒவ்வொரு சிற்பத்துக்கும் முதலில் தூரத்திலிருந்து ஒரு படம், அது எந்தச் சுவரில், எதற்குப் பக்கத்தில், எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி. அப்புறம் கிட்டே. பிறகு அதை யாராவது பார்த்து இது யார், எந்தக் கதை என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த முதல் படம்தான் உதவும். முகத்தை மட்டும் அறுத்தெடுத்த மாதிரி இருக்கும் ஆயிரக்கணக்கான படங்கள் எந்தக் கோயில் என்றே தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கையில் என்ன இருக்கிறது, காலுக்கடியில் யார், காதில் இருப்பது தோடா குழையா, இதையெல்லாம் தனித்தனியாக எடுத்துவையுங்கள்.

தாராசுரத்துக்கு நேரம் அதிகம் ஒதுக்குங்கள். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில், வந்தவர்கள் எல்லோரும் குதிரை பூட்டிய தேர் மண்டபத்தையும், யானையும் காளையும் ஒரே தலையில் தெரிகிற சிற்பத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கருவறையைச் சுற்றி அடியில், நாயன்மார் கதைகள் வரிசையாகச் சிறிய பலகைகளில் இருக்கின்றன, குனிந்தால்கூடப் போதாது, தரையில் உட்கார வேண்டும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை அங்கே உண்டு. திறந்த முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிறான். அத்தனை சிறிய இடத்தில் ஒரு முழுக் கதையையும் முடித்திருக்கிறார்கள். அதை நின்றபடியே மேலிருந்து எடுத்தால் ஒன்றும் புரியாது, கேமராவைப் பலகையின் மட்டத்துக்கு இறக்குங்கள்.

கல்வெட்டு எடுக்கவும் ஆசை இருந்தால் பக்கவாட்டு வெயில் அதற்கும் அதே அளவு தேவை. தஞ்சையில் தான் கொடுத்ததையும் அக்கன் கொடுத்ததையும் பெண்டுகள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொன்ன இராசராசனின் எழுத்து, நேர் வெயிலில் வெறும் கீறலாகத் தெரியும், சாய்ந்த வெயிலில் நீங்களே எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, மைதாமாவு தடவுவது, தண்ணீர் ஊற்றுவது, இதை நண்பர்கள் சிலர் இன்னமும் செய்கிறார்கள், அதை வீடியோவாகவும் போடுகிறார்கள். செய்யவே கூடாது. தேய்க்கிற கை எழுத்தின் விளிம்பையும் சேர்த்துத் தேய்க்கிறது, மாவு ஈரத்தில் பூஞ்சையைக் கூட்டிவருகிறது. ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து நம் ஒரு படத்துக்காக ஒரு மயிரிழைகூடத் தேயக்கூடாது. வெயில் வரவில்லையா, நிழலில் ஒரு படம் எடுத்து வையுங்கள், கணினியில் கறுப்பு வெள்ளையை இழுத்துப் பார்த்தால் பாதி படிக்க வரும்.

வண்டல்மண்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வடக்கு தெற்கு கணக்கு இத்தனை நாள் யாரும் சொல்லாத விஷயம். இரண்டு சந்தேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் நான் முக்கியமாக எடுக்க நினைப்பது சண்டேச அனுக்கிரக மூர்த்தி (சண்டேச நாயனாருக்குச் சிவன் அருள்கிற சிற்பம்), அது வைகாசியில் சரியாக வருமா? தெற்குச் சுவரில் இருக்கும் சிலைகளை இந்தத் தடவை விட்டுவிட வேண்டியதுதானா? அப்புறம் அனுமதி விஷயம், முக்காலி விஷயம் யாராவது சொல்லுங்களேன். வயல் படம் பற்றியும்.

வாசல்படி:

அனுமதி பற்றி நான் சொல்கிறேன்.

தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, யுனெஸ்கோ பட்டியலிலும் உள்ளவை (பெரிய கோயில் 1987ல், மற்ற இரண்டும் 2004ல்). வெளிப் பிரகாரத்தில் கையில் பிடித்து எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. முக்காலிக்கு முன்கூட்டியே தொல்லியல் துறையில் அனுமதி வாங்க வேண்டும், வாசலில் போய் நின்று கெஞ்சிப் பயனில்லை, காவலரும் பாவம், அவர் வேலை அது. ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பது ஒன்று, தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் வேறு இருக்கிறது.

மற்ற கோயில்களில் போன் கதை வேறு. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018லேயே தடை வந்துவிட்டது. பல பெரிய கோயில்களில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள், கிராமத்துச் சின்னக் கோயில்களில் குருக்களிடம் கேட்டுக்கொள்வதுதான் வழி. எங்கே போனாலும் கருவறையையும் மூலவரையும் எடுக்கக் கூடாது, தூரத்திலிருந்து ஜூம் போட்டும் கூடாது. தீபாராதனை நேரத்தில் கேமராவைத் தோளில் போட்டுவிட்டுக் கும்பிடுங்கள். கும்பிடுகிறவர்கள் முகத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள், குறிப்பாகக் கண்ணை மூடி அழுதுகொண்டு நிற்கும் பெண்களை. அது அழகான படமாக இருக்கலாம், ஆனால் அது அவர்களுடைய நேரம்.

வைகாசியில் கல்தளம் பத்து மணிக்கே கொதிக்கும். அப்பா அம்மாவுக்குத் தடிமனான காலுறை எடுத்துப் போங்கள், விரிப்பு போட்ட பாதையை விட்டு இறங்கினால் நிற்கவே முடியாது.

நெல்லும்நீரும்:

வயல் படம் கேட்டீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பச்சை வயலுக்கு நடுவே விமானம் என்று மனதில் வைத்துக்கொண்டு வைகாசியில் வராதீர்கள். மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. அதற்கு முன்னால் ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் இருக்கும், பம்புசெட் வைத்திருப்பவர்கள் வயல் மட்டும் அங்கங்கே பச்சையாக இருக்கும். சம்பா பச்சை பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகை, மார்கழிதான், அப்போது காலைப் பனியும் கிடைக்கும்.

ஆனால் வைகாசிக்கு என்று ஒரு அழகு இருக்கிறது, அதை யாரும் எடுப்பதில்லை என்பது என் வருத்தம். உழுது போட்ட வயல், வெடித்த மண், வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றில் ஆடு ஓட்டிப்போகிறவர்கள், இதுவும் இந்த ஊர்தானே. கோடைமழை ஒன்று பெய்தால் விடாதீர்கள். நனைந்த கருங்கல் கறுத்துவிடும், தூசி அடங்கியபின் மாலை வெயில் வந்தால் ஈரத்தில் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். அந்த நேரத்தில் கங்கைகொண்ட சோழபுரம் விமானத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். தஞ்சை விமானம் நேர் கோடாக ஏறும், இது உள்வாங்கி வளைந்து ஏறும். மேலே இருக்கும் வானம் வெளுத்துக் கிடந்தால் அந்த வளைவு எடுபடாது, மேகம் வேண்டும்.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலை போங்கள். பாறை மேல் இருக்கும் விஜயாலய சோழீச்சரம் மேற்கு பார்த்த கோயில், மாலையில் முகப்பிலேயே வெயில் விழும். சுற்றிலும் வெறும் பாறை, கோயிலின் சின்னத் துணைச் சன்னதிகளைத் தவிர வேறு கட்டடம் எதுவும் குறுக்கே வராது. சிற்பமும் நிலமும் ஒரே படத்தில் அடங்குகிற இடம் அதைப்போல இந்தப் பக்கத்தில் குறைவு. அப்பா அம்மா ஏறுவார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நிழல் கிடையாது.

கோஷ்டம்:

சண்டேசர் கேள்விக்கு. அது கோயிலின் வடபுறம், வடக்கு வாசல் படிக்கட்டை ஒட்டி இருக்கிறது, ஆகவே நீங்கள் போகிற மாதம் ஏற்ற மாதம்தான். முதலில் காலையில் போய்ப் பாருங்கள், நிழல் குறுக்கே விழுந்தால் அங்கேயே மற்றதை எடுத்துக்கொண்டு முன்பகல் வரை இருங்கள். மாலையில் வடமேற்கிலிருந்தும் வெயில் வரும், இரண்டு வேளையும் எடுத்தால் ஒரே சிலை இரண்டு விதமாக இருக்கும். முழுப் படம் எடுத்தபின் கைகளுக்கு மட்டும் ஒன்று எடுங்கள். சிவன் தன் கையாலேயே சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றிக்கட்டுகிறார், பக்கத்தில் அம்மை அமர்ந்திருக்கிறாள், சண்டேசர் கைகூப்பித் தலை தாழ்த்தியிருக்கிறார். மாலையைப் பிடித்திருக்கும் அந்த விரல்களில் ஒரு அவசரமும் இல்லை. இராசேந்திரனுக்கே சிவன் முடிசூட்டுவதாக இதைப் பார்ப்பவர்களும் உண்டு.

தெற்குச் சுவரை விட வேண்டாம். வெயில் சுவரில்தான் இல்லை, நண்பகலுக்கு முன்பின் சுவரிலிருந்து இரண்டு மூன்று எட்டு தள்ளித் தரையில் இருக்கும். நிழல் முடிகிற இடத்தில் யாராவது ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் வெளிச்சம் திரும்பிச் சிலை மேல் விழும். நேர் எதிரே பிடிக்காமல் ஒரு ஓரமாகப் பிடிக்கச் சொல்லுங்கள், பக்கவாட்டு ஒளி அதிலேயே கிடைத்துவிடும், முகத்தில் ஒரு பக்கம் மெல்ல இருளும். தஞ்சாவூரில் செய்வதற்கு முன் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆள் இல்லையென்றால் நிழலிலேயே நிதானமாக எடுங்கள், விவரம் எல்லாம் பதியும், கொஞ்சம் சாந்தமான படமாக வரும், தட்சிணாமூர்த்திக்கு அது பொருந்தவும் செய்யும்.

புள்ளமங்கையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில், அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு இராமாயணக் காட்சிகள் இருக்கின்றன, அதற்கு 55ல் வைத்து எவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகுமோ அவ்வளவு கிட்டே போக வேண்டும். வடக்கு கோஷ்டத்து துர்க்கை அங்கே மிகப் பிரசித்தம், எருமைத்தலை மேல் நிற்கிறாள், ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் மான், கீழே தன்னையே பலியிடும் வீரர்கள். பூசையில் இருக்கிற சிலை என்பதால் புடவை சாத்தியிருக்கும், விலக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். சுற்றியிருக்கும் உருவங்களும் முகமும் தெரிகிற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நடை திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.